முப்பத்தொரு பட்டன்

கையப் புடிச்சு இழுக்காதீங்க சார், நான் உங்க தோளப் புடிச்சுக்கிட்டு வர்றேன். ஆங், இப்படித்தான். நீங்க பாட்டுக்கு முன்னாடி நடங்க, போதும். தப்பா எடுத்துக்காதீங்க, இழுத்தா ஆட்டப் புடிச்சு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும், அதான். இதுதான் டோக்கன் மெஷினா? இருங்க, தொட்டுப் பாக்குறேன். பாத்தீங்களா, முழுக்கக் கண்ணாடி. ஒரு மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாது. கண்ணாஸ்பத்திரி சார் இது. வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பார்வ இல்ல, மீதிப் பேருக்கு மருந்த ஊத்தி மங்கலாக்கி உக்கார வச்சிருக்காங்க. டோக்கன் எடுக்க மட்டும் நல்ல கண்ணு வேணுமாம். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. நீங்களே அமுக்கிடுங்க சார். விழித்திரைப் பிரிவு, ரிப்போர்ட் பாக்கன்னு எங்கயாவது போட்டிருக்கும். இருக்கா? அதேதான்.

அறுபத்து நாலா. இப்ப எது ஓடுது? நாப்பத்தொம்போதா, அப்ப இன்னும் நேரம் இருக்கு. உங்க பக்கத்துலயே உக்காந்துக்கிறேன், நம்பர் வந்தா கொஞ்சம் சொல்லிடுங்க. மணி அடிக்குதே தவிர எந்த நம்பருன்னு அது சொல்லாது. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? ஓ, வீட்டம்மாவுக்குப் புரையா. அதுக்குப் பயப்படாதீங்க, இப்பல்லாம் அது சாதாரணம், சாயங்காலமே கூட்டிட்டுப் போயிரலாம்.

இல்ல இல்ல, எனக்காக வரல. எனக்கு இங்க பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல, நான் பொறந்ததுலேந்தே இப்படித்தான். எங்க அக்காவுக்காக வந்திருக்கேன். உள்ள ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. சுகர் சார் அவளுக்கு. இடது கண்ணு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போயிருச்சு. வலது கண்ணு ஒண்ணுதான் மிச்சம். போன வியாழக்கிழம காலைல எந்திரிச்சிருக்கா, அந்தக் கண்ணுல மேலேந்து கருப்பா ஒரு திரை எறங்கிருக்கு. உள்ள ரத்தம் கட்டியிருக்கு, கொஞ்சம் படியட்டும், திங்கக்கிழம வாங்கன்னாங்க. அதான் வந்திருக்கோம். அந்தக் கண்ணு திரும்புமா திரும்பாதான்னு ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொல்லுவாரு. அதுக்குத்தான் இந்த அறுபத்து நாலு.

இந்தச் சத்தமா? என் போனு சார். திரையில இருக்குறத வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் அது. என்ன பாஷையான்னா கேக்குறீங்க? நம்ம தமிழ்தான். வேகமா வச்சிருக்கேன், அதான் தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு. எனக்குப் பழகிப் போச்சு. இந்த வேகத்துல என் சம்சாரத்துக்குக் கூட ஒரு எழுத்து புரியாது. வீட்டுல ரகசியம் காக்க இத விட நல்ல பூட்டு கிடையாது.

வேலையா? இதேதான் சார் வேல. வெப்சைட்டு, ஆப்பு, இதெல்லாம் கட்டி முடிச்சதும் எங்க ஆபீசுக்கு வரும். கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, கை அசையாதவங்க, இவங்களால இத ஓட்ட முடியுதான்னு நாங்க உக்காந்து சோதிச்சு ரிப்போர்ட் எழுதிக் குடுக்கணும். இப்படி ஒரு வேல இருக்கான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. இருக்கு சார், சிரிப்புக்கும் பஞ்சமில்ல. ஒரு துணிக்கடை வெப்சைட்டு. சட்ட படத்து மேல விரல வச்சா என்ன சொல்லணும்? நீலச் சட்ட, முழுக்கைன்னு சொல்லணும். அது சொல்லுது, படம், கடைசி, புதுசு, இதுதான் உண்மையான கடைசி, ரெண்டுன்னு. படத்த ஏத்தினவன் அவன் கம்ப்யூட்டர்ல வச்சிருந்த பேரு. இன்னொரு எடத்துல ஒரு ஃபாரம், சிவப்புல இருக்குறத மட்டும் நிரப்பவும்னு போட்டிருக்கு. சிவப்புக்கு நான் எங்க போவேன்? அத விட மோசம் என்னன்னா, நீ மனுஷன்தானான்னு கேக்கும் சார். மனுஷன்னா இந்தப் படங்கள்ல பஸ்ஸு எங்கெங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுன்னு சொல்லும். பஸ்ஸு வந்து இடிச்சாத்தான் எனக்கு அது பஸ்ஸுன்னே தெரியும். அப்புறம் எப்படி நான் மனுஷன்னு நிரூபிக்கிறது?

பதினோரு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல எனக்கு மின்னல்னு பேரு வச்சிருக்காங்க. சும்மா கேலிக்குத்தான். ஆனா உண்மையில எனக்கு அதுல ஒரு பெருமை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு குப்பையாக் கட்டி வச்சிருந்தாலும் எங்கயாவது ஒரு சந்து கண்டுபுடிச்சு அந்தப் பக்கம் போயிருவேன். பேரே இல்லாத பட்டன்னா, அது எந்த எடத்துல இருக்கு, அதுக்கு முன்னாடி என்ன வந்துச்சுன்னு வச்சே இன்னதுன்னு சொல்லிருவேன். புரோக்ராம் எழுதுற பசங்க நாலு பேரு என் பின்னாடி நின்னு வேடிக்க பாப்பாங்க. அவங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா எனக்கு இன்னும் வேகம் வரும். திமிருன்னு வச்சுக்குங்களேன்.

அக்காவா? அக்கா என்ன விட நாலு வயசு பெரியவ. ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தா சார். பொம்பள டிரைவர், பதினெட்டு வருஷம், ஒரு கீறல் கிடையாது. லீவு நாள்ல என்னையும் ஏத்திட்டுப் போவா. போற வழியெல்லாம் சொல்லிட்டே வருவா. டேய், இடது பக்கம் ஒரு நாய் பேங்க் வாசல்ல மேனேஜர் கணக்கா உக்காந்திருக்குடா. டேய், இந்தாளு குடையத் தலகீழாப் புடிச்சுட்டுப் போறான்டா. பாதி அவளா இட்டுக் கட்டுறதுன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மாவுக்கு ரெண்டு வேல, என்னப் பாக்க நேரம் இருக்காது. என் பாடப் புத்தகம் அத்தனையும் அக்காதான் சத்தமா வாசிச்சா. பன்னெண்டாவது வரைக்கும். அவளோட பரிட்ச ஒரு பக்கம், என்னோடது ஒரு பக்கம். அவ ஃபெயிலாப் போனா, நான் பாஸாகிட்டேன். அதப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்த பேசினதில்ல அவ. நான்தான் இப்ப இங்க உக்காந்து உங்ககிட்டச் சொல்லிட்டிருக்கேன்.

இடது கண்ணு போனதும் வேன விட்டுட்டா. யாரும் சொல்லல, அவளே சாவியக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துட்டா. மாமா போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு, எங்க வீட்டுலேந்து ரெண்டு தெரு தள்ளித் தனியாத்தான் இருக்கா. எங்க கூட வந்து இருன்னா கேக்க மாட்டா. வலது கண்ணும் மங்க ஆரம்பிச்சதும் நான் அவ போன்ல இதே சாஃப்ட்வேரப் போட்டுக் குடுத்தேன். இருக்குறதிலேயே மெதுவான வேகத்துல வச்சேன். அம்பது வயசுல காதால படிக்கக் கத்துக்கிறதுன்னா சும்மாவா? பேசுற குரலுக்கு அவ அந்தப் பொம்பளன்னு பேரு வச்சிட்டா. அந்தப் பொம்பள என்னைய ரொம்ப அதட்டுறாடா, தொட்டா கத்துறா, விட்டா பேச மாட்டேங்குறான்னு புகார் சொல்லுவா. நான் கத்துக்குடுக்குறதுக்கு லாயக்கில்லாத ஆளு சார். ரெண்டு தடவ சொல்லுவேன், மூணாவது தடவ போனப் புடுங்கி நானே பண்ணிருவேன். அவ எனக்குப் பன்னெண்டு வருஷம் வாசிச்சவ, நான் அவளுக்குப் பன்னெண்டு நாள் ஒழுங்காச் சொல்லிக் குடுக்கல.

அந்தக் கண்ணுக்கு ஒன்றரை மாசத்துக்கு ஒரு ஊசி சார். ஒரு ஊசி கூடத் தள்ளக் கூடாது, தள்ளினா ரத்தம் கசியும்னு டாக்டர் முதல்லயே கண்டிஷனாச் சொல்லிட்டாரு. முன்னாடியெல்லாம் போன் பண்ணாப் போதும், ஒரு அம்மா எடுத்துத் தேதி குடுக்கும். நல்ல அம்மா. இவ குரலக் கேட்டதுமே, வேன் டிரைவரம்மாவான்னு கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். இந்த வருஷ ஆரம்பத்துலேந்து அந்த நம்பருக்குப் போட்டா பதிவு பண்ண குரல் ஒண்ணு, எங்கள் வெப்சைட்டில் பதிவு செய்யவும், நன்றின்னு சொல்லிட்டு வச்சிருது. நேர்லயும் ஒரு தடவ வந்து கேட்டுருக்கா, பாவம். முன்னாடி உக்காந்திருந்த பொண்ணு, சுவத்துல க்யூஆர் கோடு ஒட்டியிருக்கு பாருங்கம்மா, அதப் போன்ல படம் புடிச்சா வந்துரும்னு சொல்லிருக்கு. எந்தச் சுவருன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டா.

ஒரே ஒரு தடவ என்னக் கூப்பிட்டா. அதுல தேதி எங்கடா இருக்கு, வெறும் பட்டன் பட்டன்னே சொல்லுதுன்னா. நான் ஆபீஸ்ல மும்முரமா இருந்தேன். அங்கதான்க்கா இருக்கு, நல்லா வேல செய்யுது, நீ அவசரப்படாம நிதானமாத் தேடுன்னேன். எரிச்சலாத்தான் சொன்னேன், அது அவளுக்குக் கேட்டிருக்கும். சரிடான்னு வச்சுட்டா. ரெண்டு நாள் கழிச்சு, புக் பண்ணியாச்சான்னு கேட்டேன். ம், பண்ணிட்டேன்னா. அடுத்த வாரம் ஊசி போட்டாச்சான்னு கேட்டேன், போட்டாச்சுன்னா. என் சம்சாரம் கூடச் சொன்னா, நீங்க ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்கன்னு. அக்கா பொய் சொல்லுவான்னு எனக்குத் தோணவே இல்ல சார். தம்பிய ரெண்டாவது தடவ தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பெரியவங்க சொல்ற பொய்ய எப்படிக் கண்டுபுடிக்கிறது?

வியாழக்கிழம காலைல போன் பண்ணி, டேய், திரை மாதிரி எறங்குதுடான்னு சொன்னப்பதான் எல்லாம் வெளிய வந்துச்சு. அஞ்சு வாரம் தள்ளிப் போயிருக்கு. இங்க அவள உள்ள அனுப்பிட்டு வெளிய உக்காந்திருந்தேன். அவ போன் என் கையில இருந்துச்சு. அதுல முன்னாடி எந்தெந்தப் பக்கம் தொறந்தோம்னு ஒரு வரிச இருக்கும்ல, அதப் போட்டுக் கேட்டேன். இந்த ஆஸ்பத்திரியோட பதிவுப் பக்கம். மறுபடி அதே பேரு. மறுபடி அதே பேரு. காலைல ஆறு பத்து, ஆறு பதினேழு, ஆறு இருவத்தஞ்சு. அவ வச்சிருந்த மெதுவான வேகத்துலயே கேட்டேன், கூட்டத் தோணல. நாப்பத்து மூணு வரைக்கும் எண்ணினேன், அதுக்கு மேல முடியல.

அன்னிக்கே வீட்டுக்குப் போய் என் வேகத்தையும் அவ வேகத்துக்குக் கொறச்சு வச்சுட்டு அதே பக்கத்தத் தொறந்தேன். சொல்றேன் கேளுங்க. உங்களுக்கு அது அழகான காலண்டரு சார், கட்டம் கட்டமா ஒண்ணுலேந்து முப்பத்தொண்ணு வரைக்கும் நம்பரு தெரியும். ஆனா அந்த நம்பர வெறும் படமா வரைஞ்சு வச்சிருக்காங்க. எங்களுக்கு என்ன கேக்கும்? பட்டன். பட்டன். பட்டன். முப்பத்தொரு தடவ. எது காலி, எது நெறஞ்சு போச்சுன்னும் சொல்லாது. எண்ணிக்கிட்டே போகணும். பதினெட்டாந்தேதி வேணும்னா பதினெட்டாவது பட்டன். நடுவுல ஒரு தும்மல் வந்தாப் போச்சு, மறுபடி ஒண்ணுலேந்து. சரியா அமுக்கினாலும் நேரம் கேக்குற பெட்டி பக்கத்தோட அடியில தொறக்குது, தொறந்துருச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அங்க தாவிப் போகணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். இது அத்தனைக்கும் அஞ்சே நிமிஷம். பாதுகாப்புக்காகவாம். ரெண்டு தடவ எண்ணிக்கை தவறி, மறுபடி ஒண்ணுலேந்து வந்து நான் பத்தொம்பதாவது பட்டன்ல இருக்கேன், உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும்னுச்சு. நான் சார், மின்னல்னு பேரு வாங்கினவன். அவ வேகத்துல என்னாலயே முடியல.

எத்தன ஓடுது இப்ப? அம்பத்தெட்டா. சரி சரி.

புகாரா? யார் மேல சார் குடுக்குறது? எங்க மாடி வீட்டுப் பெரியவரும் இதேதான் சொன்னாரு, எழுதிப் போடுப்பான்னு. அப்புறம் அவரே, இனிமே என்ன பண்ணி என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லிட்டு, ஐயோன்னு நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. நான் சிரிச்சுட்டேன். பழமொழிக்கு நம்ம வீடுன்னு தெரியுமா என்ன.

டெஸ்ட் பண்ணாமலா விட்டிருப்பாங்கன்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க. டெஸ்ட் பண்ணித்தான் சார் விட்டாங்க. முறைப்படி பண்ணாங்க. பக்கத்துக்கு அடியில சின்னதா ஒரு முத்திர கூட இருக்கும் பாருங்க, அனைவரும் பயன்படுத்தத் தக்கதுன்னு. சும்மா கண்ணத் தொறந்து வச்சுட்டு டெஸ்ட் பண்ணல, கண்ணு தெரியாத ஆளையே உக்கார வச்சுப் பண்ணாங்க. பெரிய கெட்டிக்காரன் அந்த ஆளு. கட்டினவன், சார் ஓடுதா, ஓடாதான்னு பயந்து போய்க் கேட்டிருக்கான். அந்தக் கெட்டிக்காரன், நேரத்தக் குறிச்சுக்கோன்னு சொல்லிட்டு, எண்ணி, தாவி, ஒரு நிமிஷம் நாப்பது செகண்டுல தேதியும் வாங்கிட்டான். எல்லாரும் கை தட்டியிருக்காங்க. ஒரு பொண்ணு அத வீடியோ எடுத்துருக்கு.

குறை எழுதாமலும் இல்ல. ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்கு. தேதிப் பட்டன்களுக்குப் பெயர் இல்லை, சின்னக் குறை, வேலை நடக்கிறது. எங்க தொழில்ல சின்னக் குறைன்னா என்ன அர்த்தம் தெரியுமா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு அர்த்தம். அஞ்சு நிமிஷக் கணக்கப் பத்தி ஒரு எழுத்து கிடையாது. அவனுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகலையே, அஞ்சு எப்படிக் கண்ணுல படும். அந்த வீடியோவ இந்த ஆஸ்பத்திரி மீட்டிங்ல போட்டுக் காட்டிருக்காங்க. பாத்துட்டு ஒரு பெரிய மனுஷர் சொன்னாராம், கண்ணு தெரியாதவரே ரெண்டு நிமிஷத்துக்குள்ள பண்றாரு, அப்புறம் எதுக்கு போன்ல ஒரு ஆளுன்னு. அந்த அம்மா இப்ப எங்க இருக்குன்னு கூட எனக்குத் தெரியல.

அந்த ஆள் மேல கோவம் இல்லையான்னா? என்ன சொல்றது. அவன் பொய் சொல்லல, லஞ்சம் வாங்கல, யாரையும் ஏமாத்தணும்னு நெனைக்கல. தனக்கு முடியுதுன்னா எல்லாருக்கும் முடியும்னு நெனச்சான். பின்னாடி நாலு பேரு நின்னுட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். சனிக்கிழம மறுபடி ரிப்போர்ட் எழுதி எங்க மேனேஜர் கையில குடுத்தேன், இது சின்னக் குறை இல்ல, இதால ஒரு கண்ணு போகுதுன்னு. குடுத்த சர்டிபிகேட்ட எப்படிப்பா திரும்ப வாங்குறது, யானைக்கும் அடி சறுக்கும், விடுன்னாரு. கட்டினவங்ககிட்டப் பேசினேன், அடுத்த திருத்தத்துல சேத்துக்கிறோம் சார்னாங்க. எப்பன்னு கேட்டேன், மூணு மாசம் ஆகும்னாங்க. இன்னிக்குக் காலைலயும் யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து பட்டன் எண்ணிட்டுத்தான் சார் இருப்பாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஓடல.

இன்னிக்கு ஸ்கேனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டாக்டர் அவகிட்டக் கேட்டாரு, ஏம்மா இப்படி அஞ்சு வாரம் விட்டீங்க, எவ்வளவு சொல்லியிருந்தேன்னு. கொஞ்சம் கோவமாவே கேட்டாரு, அவருக்கும் ஆதங்கம் இருக்காதா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு சொல்றா, தப்பு என் பேர்லதான் டாக்டர், எனக்குத்தான் போன் பழகல, உங்க வெப்சைட்டக் குறை சொல்லிராதீங்க, அதச் சோதிச்சு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டதே என் தம்பிதான்னு. பெருமையாச் சொன்னா சார். டாக்டர் என் பக்கம் திரும்பி, ஓ, நீங்கதானா அது, வீடியோ பாத்தேன், பிரமாதமாப் பண்ணிருந்தீங்கன்னாரு. நான், தேங்க்ஸ் டாக்டர்னு சொன்னேன்.